வெள்ளை ரிப்பன் வெட்டிய வாரம்

சின்னமனூர்
11.8.2024, ஞாயிறு

மதினிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். சூப்பர்வைசர் ஆன அன்றைக்கே போடி பஜாரில் நடைபாதைக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கினேன். படிக்கிற கண்ணாடி. எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. கையில் சீட்டும் மூக்கில் கண்ணாடியும் இருந்தால் படித்த பொம்பளை மாதிரி இருக்குமே என்று ஒரு ஆசை. அதைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால் தரை ஒரு சாண் மேலே ஏறி நிற்கிறது. மூன்று வாரமாக வாழைக்காய் ஷெட்டுக்குள் சகதியில் கோழி நடப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறேன். மொக்கம்மாள் கேட்டாள், "என்னக்கா, காலுல ஆணியா?" "ஆமாடி, பதவி ஏறுனா ஆணியும் ஏறும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கு நீங்கள் சிரித்திருந்தால், கோபம் அரைவாசி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

ஏன் கடிதாசி என்று கேட்பீர்கள். போன் போட்டால் எடுக்கவில்லை. எடுத்த ஒரு தடவையும் "யாரு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். உங்கள் போனில் என் பேர் விழும், அதை ஏற்றிக் கொடுத்ததே நான்தான். கடிதாசி என்றால் இடையில் வைக்க முடியாது. வேல்பாண்டி தினமும் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாக உங்கள் ஏலத்தோட்டத்துக்குத்தானே வருகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எங்கண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து நீங்கள் என்னை விட்டுப் பிரிந்ததில்லை. பதினேழு வருசம் ஒரே தொட்டியில் நின்று வாழைச்சீப்பு கழுவினோம். முதலாளி எனக்குப் பதவி கொடுத்த மூன்றாம் நாள் ஏலக்காய் எடுக்கப் போகிறேன் என்று மலை ஏறிவிட்டீர்கள். அண்ணன் எனக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை. அவர் வைத்த ரசத்தை ஒரு நாள் குடித்துப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் போடுகிற படிகாரம் கொஞ்சம் விழுந்திருக்குமோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. இது யாருக்கும் தெரியாது. முதலாளி கொடுக்கிற அந்த ரிப்பன் சீட்டு எனக்கு வாசிக்க வராது. தார் தள்ளுகிற வாரத்துக்கு ஒரு கலர் ரிப்பன் கட்டுகிறார்கள், பதினோரு வாரம் கழித்து அந்தக் கலரைப் பார்த்து வெட்டுகிறார்கள், இதெல்லாம் நமக்குத் தெரியும். எந்த வாரம் எந்தக் கலர் என்பது இங்கிலீசில் இருக்கிறது, அதுதான் சங்கடம். நம்ம பூமாரி பத்தாவது பாஸ். காலையில் அவளைக் கூப்பிட்டு, சீட்டை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "சொல்லு பாப்போம், இன்னைக்கு என்ன கலரு?" என்று பரீட்சை வைக்கிறேன். சொல்லிவிடுவாள். "பரவால்ல, தேறிட்ட" என்பேன். வண்டி ஓடுகிறது.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

சந்தனம்மாள்


ஏலத்தோட்டம், வண்டன்மேடு பக்கம்
14.8.2024

சந்தனம்,

கடிதம் கிடைத்தது. வேல்பாண்டி அதைப் பலாப்பழ மூட்டைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டது. மற்றது வாசிக்க முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. கோழி என்று எழுதிய இடத்தில் மட்டும் கொஞ்சம்.

உனக்குச் சீட்டு வாசிக்க வராது என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. அஞ்சாவதோடு நீ பள்ளிக்கூடத்தை விட்டது எனக்குத் தெரியாதா? முதலாளி நம் இருவரையும் நிறுத்தி, "இங்கிலீஷ் சீட்டு யாருக்கு வாசிக்க வரும்?" என்று கேட்டார். எனக்கு வராது என்று நான் சொன்னேன். நீ வரும் என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் மலை ஏறியிருக்க மாட்டேன். பதவி வராததற்குக் கோபித்துக்கொண்டு போனேன் என்று சின்னமனூர் முழுக்கப் பேச்சு என்று உங்கள் அண்ணன் சொல்லிவிட்டார். அப்படியே பேசட்டும்.

நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். முப்பது பொம்பளைகள் தொட்டியைச் சுற்றி நிற்க, நீ என் தோளில் கையைப் போட்டு, "எங்க மதினிக்கு இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்றாப்லதான் தெரியும். கடிச்சிரும்னு பயந்துகிட்டு கிட்ட போக மாட்டாக" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். பூமாரி ஒருத்திதான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு அந்தச் சிரிப்பு கூலியாகக் கிடைத்தது. அன்றைக்குத் தொட்டியில் கையை விட்டபோது தண்ணீர் எனக்கு வேறு மாதிரி இருந்தது.

இங்கே மழை நிற்பதில்லை. குனிந்தபடியே எடுக்க வேண்டும், ஏலக்காய் செடியின் அடியில் தரையோடு காய்க்கிறது. அட்டைப் பூச்சி காலில் ஏறுகிறது. பதினாலு பேர் உள்ள ஒரு வரிசைக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் சீட்டு கேட்கவில்லை.

உங்கள் அண்ணனிடம் ரசத்தில் புளியைக் குறைக்கச் சொல்.

ஜக்கம்மா


சின்னமனூர்
20.8.2024, செவ்வாய்

மதினிக்கு,

எறும்புப் பேச்சுக்கு முதலில் வருகிறேன். நீங்கள் எழுதியதை நாலு நாளாக மடித்து மடித்துப் படித்தேன். அது என் வாயிலிருந்து கேலியாகத்தான் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. அன்றைக்குப் பொய் சொன்னவள் நான். எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் என்னை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் அல்லவா. அதற்காகத்தான் உங்கள் தோளில் கையைப் போட்டேன். தப்பு மதினி. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

இனி இங்கே நடந்தது. உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை தேவாரம் பக்கம் ஒரு புதுத் தோட்டம். அந்தத் தோட்டக்காரர் ரிப்பனை வேறு வரிசையில் கட்டியிருக்கிறார். நம்ம பழக்கத்தை வைத்து யூகிக்க முடியாது, சீட்டுதான் கதி. அன்றைக்குப் பார்த்து பூமாரியின் பஸ் வரவில்லை. வெட்டுகிற ஆட்கள் எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு சீட்டைப் பார்த்தேன், வாயை முணுமுணுத்தேன், "வெள்ளை" என்றேன். ஏன் வெள்ளை என்று கேட்காதீர்கள். கண் முன்னால் வெள்ளைதான் நிறையத் தொங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து பூமாரி ஓடி வந்தாள். வெட்டிய தாரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "அக்கா, காயில முனையெல்லாம் இன்னும் கூர்மையா இருக்கு. உருண்டு வரவே இல்ல. மஞ்சளா இருக்கும், சீட்ட ஒரு தடவ பாருங்க" என்றாள். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீட்டுல போட்டிருக்கத்தா. வெட்டுற வேலையைப் பாரு" என்றேன். என் குரல் எவ்வளவு உறுதியாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். சூப்பர்வைசர் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வாரம் பிஞ்சு. வாங்குகிறவர்களின் ஆள் வந்து காயின் பருமனை இடுக்கி வைத்து அளந்தார். அன்றைக்குப் போட்ட முந்நூறு பெட்டியையும் தள்ளிவிட்டார்.

முதலாளி ஞானசிகாமணி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கத்த மாட்டார், காது மடல் மட்டும் சிவக்கும். "தோட்டத்துல வெட்டுக்கு நின்னது யாரு?" என்று கேட்டார். "பூமாரி" என்றேன். அதில் பொய் இல்லை மதினி, அவள்தான் நின்றாள். உண்மையைச் சொல்லியே அவளை மாட்டிவிட்டேன். "வர்ற வாரத்தோட நின்னுக்கச் சொல்லு. சனிக்கிழமை வந்து நானே பேசி அனுப்பிர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய்விட்டார்.

பூமாரியிடம் அதைச் சொன்னேன். கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டாள். புருசன் இல்லாமல் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவள். நேற்றும் வந்தாள். காலையில் வழக்கம்போலச் சீட்டை நீட்டினேன். "நீலம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். இன்றைக்கும் அதே.

சொன்னால் என் பதவி போகும், அது போகட்டும். ஆனால் முப்பது பேருக்கு முன்னால் நான் ஒன்றும் தெரியாதவள் என்று நிற்க வேண்டுமே. எல்லாரையும் கேலி பண்ணியே பிழைத்தவள் நான். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க நான் நின்றதே இல்லை. சனிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது.

சந்தனம்


ஏலத்தோட்டம்
22.8.2024

சந்தனம்,

நேற்று மத்தியானம் முதலாளி எனக்குப் போன் செய்தார். சிக்னல் கிடைக்கிற பாறைக்கு நான் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரம்.

"ஜக்கம்மா, பூமாரிய நீ பல வருசம் பாத்திருக்க. அவ பிஞ்சா வெட்டுவாளா?" என்று கேட்டார்.

"வெட்ட மாட்டா" என்றேன்.

"அப்ப யாரு வெட்டச் சொன்னது?"

"நான் மலையில இருக்கேன் மொதலாளி. அங்கன இருக்குறவகளக் கேளுங்க."

உன் பேரை நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அது உன் வாயால் வர வேண்டிய பேச்சு. என் வாயால் வந்துவிட்டால் அப்புறம் நீ எத்தனை தடவை சொன்னாலும் பிடிபட்டவள் சொன்னதாகத்தான் இருக்கும்.

உனக்குப் புத்தி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அந்த யோக்கியதை இந்த வாரம் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், நீ வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது.

திங்கட்கிழமை என் வரிசையில் ஓமனா என்று ஒரு மலையாளத்துப் பொம்பளையின் பையில் பச்சைக் காய் கிடந்தது. இங்கே பழுத்த காயை மட்டும்தான் எடுக்க வேண்டும், பச்சையை எடுத்தால் அடுத்த சுற்றுக்குச் செடியில் ஒன்றும் இருக்காது. நான் எல்லார் முன்னாலும் அவளைக் கத்தினேன். நீ வெடுக்கென்று சிரிக்க வைப்பாய், எனக்குத் தெரிந்தது கத்துவது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் என் பையைக் கொட்டும்போதுதான் பார்த்தேன், அதிலும் அதே பச்சைக் காய். மழையில் கண் தெரியாமல் நான் எடுத்தது. நடுவில் ஒரு தடவை என் பையிலிருந்து அவள் பைக்கு மாற்றியிருந்தேன், அந்த வழியாகத்தான் அவளிடம் போயிருக்கிறது.

மூன்று நாள் ஆகிறது. நான் அவளிடம் சொல்லவில்லை. என் வரிசையில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. தேநீர் கூட எனக்குக் கடைசியில்தான் வருகிறது. தலைவி என்றால் இறங்கி வரக் கூடாது என்று நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அதனால் ஒரு ஏற்பாடு. நீ சனிக்கிழமை சொல். நானும் சனிக்கிழமை ஓமனாவிடம் சொல்கிறேன், எல்லார் முன்னாலும். ஒருத்தி சொல்லாவிட்டால் இன்னொருத்திக்கு எழுத வேண்டியதில்லை.

ஜக்கம்மா


சின்னமனூர்
25.8.2024, ஞாயிறு

மதினிக்கு,

எழுதுகிறேன். அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். அவரைத் தனியாக ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் கிளம்பும்போது நினைத்தேன். தொட்டியைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. உங்களைக் கேலி பண்ணியது அந்த இடத்தில்தான். அங்கேயே நின்று கண்ணாடியைக் கழற்றினேன். தரை இறங்கித் தன் இடத்துக்கு வந்தது.

"மொதலாளி, வெள்ளை ரிப்பன வெட்டச் சொன்னது நானு. எனக்கு இந்தச் சீட்டு வாசிக்க வராது. வரும்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். பூமாரி வேண்டாம்னுதான் சொன்னா, நான் கேக்கல" என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன், விட்டால் நடுவில் ஏதாவது கேலி வந்து விழுந்துவிடும் என்று பயம்.

மொக்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப அந்தக் காலு ஆணி?"

"அதுவும் இல்லடி."

சிரித்தார்கள் மதினி. முப்பது பேரும். அஞ்சு வாரமாக என் நடையைப் பார்த்து வைத்திருந்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. நான் நின்றேன். செத்துவிடுவேன் என்று நினைத்தேன், சாகவில்லை. ஆனால் காது சுட்டது. உங்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. உங்களுக்காவது நீங்கள் சொன்னது உண்மை என்ற தெம்பு இருந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "அஞ்சு வாரம் எப்படி ஓட்டுன?" என்றார்.

"பூமாரிக்கு பரீட்ச வச்சேன்."

அவர் பூமாரியைப் பார்த்தார். "ஏம்மா, நீ இத பரீட்சன்னா நெனச்ச?"

"இல்ல மொதலாளி. மொத நாளே தெரியும். அக்கா வெக்கப்படுவாகன்னு நான் சொல்லல."

மதினி, அந்தப் பேச்சு என்னை அடித்த அடியை முந்நூறு பெட்டி அடிக்கவில்லை. அவள் என் மானத்தை அஞ்சு வாரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வேலையை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்தேன்.

பூமாரி போக வேண்டாம் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். என் கதையை மட்டும் சொல்லவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. கோயில்ல உக்காந்து யோசிக்கிறேன். திங்கக்கெழம சொல்றேன்" என்று போய்விட்டார். இந்நேரம் பிரசங்கம் முடிந்திருக்கும். பாதிரியார் இன்றைக்கு எதைப் பற்றிப் பேசினார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். மன்னிப்பைப் பற்றி என்றால் எனக்கு நல்லது. கள்ளச் சாட்சியைப் பற்றி என்றால் நாளைக்கு நான் தொட்டிக்குத்தான்.

சாயங்காலம் பூமாரியோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். "ஏத்தா, என்னைய ரெண்டு வார்த்த திட்டிரு" என்றேன். "திட்டுறதுக்கு இல்லக்கா. திங்கக்கெழமயிலருந்து சீட்ட நீங்க பிடிங்க, நான் வாசிக்கிறேன். அந்த 'தேறிட்ட' மட்டும் வேண்டாம். அதுதான் எரிச்சலா இருந்துச்சு" என்றாள்.

நீங்கள் ஓமனாவிடம் சொன்னீர்களா?

சந்தனம்


ஏலத்தோட்டம்
28.8.2024

சந்தனம்,

சொன்னேன்.

காலையில் வரிசை பிரிப்பதற்கு முன்னால், எல்லாரும் அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எனக்கு மலையாளம் பாதிதான் வரும், கோபத்துக்கு வருகிற அளவு மன்னிப்புக்கு வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். ஓமனா கேட்டுவிட்டு "அது போட்டே" என்றாள். போகட்டும் என்று அர்த்தம். மிச்சச் சுண்ணாம்பை என் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான் நடந்தது. நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன்.

அதன் பிறகு ஒன்று கவனித்தேன். நான் விடிந்ததிலிருந்து உட்காருவதே இல்லை. நான் உட்காராததால் பதினாலு பேரும் உட்கார முடியாமல் நின்றிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியவே இல்லை, ஓமனாதான் சொன்னாள். "நீங்க இரிக்கணும், எங்கில் எங்கள்க்கும் இரிக்காம்" என்றாள். நான் உட்கார்ந்தால்தான் அவர்களும் உட்காரலாமாம். இப்போது பத்து மணிக்குக் கால் மணி நேரம் பாறையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடிக்கிறோம். காய் குறையவில்லை. பச்சைக் காய் விழுவது நின்றுவிட்டது. நீயும் ஷெட்டில் உட்காருகிறாயா, அல்லது தேனீ மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறாயா?

முதலாளி என்ன முடிவு செய்தார் என்று நீ எழுதவில்லை. வேல்பாண்டியைக் கேட்டால் உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று திங்கட்கிழமை சொன்னான், உன் சம்பளம் கூடிவிட்டது என்று செவ்வாய்க்கிழமை சொன்னான். அவனை நம்பி ஜீப்பில் ஏறுகிறோம் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பூமாரி சொன்னதைப் படித்தேன். நானும் அவளை ஒரு நாள் கூடப் பாராட்டியதில்லை. அதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உன்னைப் பார்த்து முப்பது பேர் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. யார் யார் சிரித்தார்கள் என்று எழுது, வந்து பேசிக்கொள்கிறேன். உன்னைக் கேலி பண்ண நான் இருக்கிறேன், அவர்களுக்கு என்ன வந்தது.

ஓணத்துக்கு இங்கே நாலு நாள் லீவு. பதினாலாம் தேதி இறங்குகிறேன். ஷெட்டுக்கும் வருவேன். தொட்டியைப் பார்க்கத்தான்.

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று உங்கள் அண்ணன் சொல்லி அனுப்பினார். அப்படியென்றால் சாப்பிடவில்லை.

ஜக்கம்மா


சின்னமனூர்
11.9.2024, புதன்

மதினிக்கு,

பதில் இவ்வளவு தாமதம் ஆனதற்குக் காரணம், முதலாளி திங்கட்கிழமை சொல்கிறேன் என்றவர் அடுத்த திங்கட்கிழமைதான் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டுக்கே என் தப்பு கழிந்திருக்கும். அப்புறம் புது ஏற்பாடு பழகுவதற்குள் இன்னொரு வாரம் ஓடிவிட்டது.

கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "பொய் சொன்னதுக்கு உன்னைய எறக்கணும் சந்தனம். ஆனா தானா வந்து ஒத்துக்கிட்டவள எறக்கிட்டா, நாளைக்கு இந்த ஷெட்டுல ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாக. எல்லாத்தையும் மூடி மூடி வைப்பாக. அது முந்நூறு பெட்டிய விட எனக்கு நட்டம்" என்றார். அதனால் இருக்கிறேன். ஆனால் தனியாக இல்லை. சீட்டு இனி பூமாரி கையில். காய் சரியில்லை என்று யார் நினைத்தாலும் "நிறுத்து" என்று சொல்லலாம், சொன்னால் கத்தி கீழே இறங்க வேண்டும், யார் சரி என்பது அப்புறம். வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. என்ன தப்பு நடந்தாலும் செய்தவரே எழுத வேண்டும், சூப்பர்வைசர் முதலில். முந்தாநாள் வரைக்கும் ஏழு எழுதியிருந்தது, அஞ்சு என்னுடையது. மொக்கம்மாள் தினமும் மத்தியானச் சோற்றுக்கு அதைச் சத்தமாக வாசிக்கிறாள். ரேடியோ தேவைப்படவில்லை.

ரிப்பனுக்கு ஒரு வழி செய்தோம். பெரிய அட்டையில் தோட்டம் வாரியாக நிஜ ரிப்பனையே வெட்டி ஒட்டி, பக்கத்தில் தேதியைத் தமிழில் எழுதிவிட்டோம். பூமாரி சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். இப்போது இங்கிலீஷ் தெரியாத ஆள் கூட வாசலில் நின்று பார்த்து எதை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடும். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். முதல் நாள் நான் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன்.

உட்காருகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். உட்காருகிறேன். பூமாரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் போகச் சொல்கிறேன், முன்னால் என்றால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருப்பேன். ஆள் ஓடுவதில்லை, மறுநாள் நேரத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது உங்கள் விஷயம். தொட்டிப் பக்கத்துக்கு முழுப் பொறுப்பாக உங்களைக் கேட்டுப் பார்க்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். "நான் கேட்டா வர மாட்டாக. நீங்க கேளுங்க" என்றேன். பதினாலாம் தேதி நேரில் கேட்பார். எனக்குக் கீழே நீங்களோ உங்களுக்குக் கீழே நானோ இல்லை. தோட்டம் எனக்கு, தொட்டி உங்களுக்கு, சீட்டு பூமாரிக்கு. வர மாட்டேன் என்றால் அதற்கும் கோபிக்க மாட்டேன், ஓமனாவும் பாறையும் இருக்கிறது என்று புரிகிறது. ஆனால் வாருங்கள் மதினி. உங்கள் பக்கம் காலியாக இருக்கிற இடத்தில் நான் யாரையும் நிறுத்தவில்லை. எல்லாரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்று கழுவுகிறார்கள்.

சிரித்தவர்கள் பட்டியல் கேட்டீர்கள். தர மாட்டேன். நானும்தான் கடைசியில் சிரித்தேன்.

நேற்று பூமாரி மகளுக்குக் காது குத்து. அவளுக்கும் மொக்கம்மாளுக்கும் லீவு கொடுத்தேன். மொக்கம்மாள் நிற்பது பெட்டிக்குப் பிளாஸ்டிக் பட்டை இறுக்கும் மெஷினில். ஆள் இல்லாததால் நானே நின்றேன். மஸ்கட் போகிற கண்டெய்னர் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினாறாவது பெட்டியில் பட்டையோடு சேர்ந்து என் முந்தானையும் இறுகிவிட்டது. பட்டையை அறுத்தால் பெட்டியைத் திரும்ப எடை போட வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார். அதனால் சேலையை அறுத்தோம். பட்டைக்கு வெளியே தொங்கியதைக் கத்தரித்தாயிற்று, அடியில் இருப்பது பெட்டியோடு போகிறது. வாங்குகிறவர்களுக்கு முதலாளி போனில் சொல்லிவிட்டார். நோட்டில் எட்டாவதாக எழுதிவிட்டேன்.

நேற்று ஷெட்டைப் போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று, நீங்கள் வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் போன மயில்கழுத்துக் கலர் சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தேன். அண்ணனைக் கேட்கவில்லை, நானே எடுத்தேன். துவைத்துக் காயப்போட்டு மடித்து, பழையபடி வைத்தாயிற்று. ஒன்றரை முழம் குறையும்.

சந்தனம்மாள்